காசின் தோல்

பத்தரைக்கு வந்துவிடுகிறேன் அண்ணே என்று பூங்காவனம் போனில் சொன்னபோது மணி எட்டு. இப்போது ஒன்பதே முக்கால். இதற்குள் சட்டைப்பையை எத்தனை தடவை தொட்டுப் பார்த்திருப்பேன் என்று தெரியவில்லை. இருக்கிறது. இருபத்தேழு கிராம். ஒரு வெள்ளி டாலர் இவ்வளவு கனக்கும் என்பது பையில் போட்டுக்கொண்டு நடந்தால்தான் தெரிகிறது, துணியைக் கீழே இழுத்துக்கொண்டு, இடது மார்பில் யாரோ ஒரு விரலை வைத்து அழுத்தியபடியே இருப்பது மாதிரி. ஒன்பது வருடமாக டிராயரில்தான் இருந்தது. கடையைத் திறந்ததும் முதல் வேலையாக அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன், ஊதுபத்தி கூட அப்புறம்தான் ஏற்றினேன். டிராயரைத் திறந்தால் சத்தம் வரும், அவள் நிமிர்ந்து பார்ப்பாள். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன் கை சட்டைப்பைக்குப் போவதும் வருவதுமாகத்தான் இருக்கும், பேனாவுக்கு, துடைக்கும் துணிக்கு, ஸ்க்ரூடிரைவருக்கு. யாரும் கவனிக்கமாட்டார்கள். பூங்காவனம் கவனித்தாலும் சந்தேகப்படமாட்டாள். அவள் சந்தேகப்படமாட்டாள் என்பதுதான் எனக்கு இருக்கும் ஒரே வசதி. ஒன்பது வருடத்துக்கு முன்னாலும் இதே வசதிதான் இருந்தது. அன்றைக்கு அது அவள் புருஷனிடமிருந்து கிடைத்தது, இன்றைக்கு அவளிடமிருந்து.

மாசிலாமணி செத்து இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். மூன்றாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஐம்பத்தாறு வயது வரைக்கும் எங்கே போனாலும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தான், கல்யாணப் பந்தியானாலும் சரி, கடலூர் பஸ்ஸானாலும் சரி. அவன் கொள்ளுத்தாத்தா சைகோன் துறைமுகத்தில் பிரெஞ்சுக்காரர்களின் சுங்கச்சாவடியில் காவலாளியாக இருந்தவர். ஊர் திரும்பும்போது எட்டு வெள்ளி டாலரை வேட்டி முனையில் முடிந்துகொண்டு வந்தார். புதுச்சேரியில் இப்படிச் சைகோன் மிச்சம் உள்ள வீடுகள் நிறைய இருந்தன. ஒரு வீட்டில் பீங்கான் ஜாடி, ஒரு வீட்டில் கறுப்பு மரப்பெட்டி, இவன் வீட்டில் பிஸ்கட் டப்பாவுக்குள் எட்டு டாலர். அமெரிக்காக்காரன் காசு சைகோனுக்கு எப்படிடா போச்சு என்று ஒருதரம் மாசிலாமணி கேட்டான். நான்தான் விளக்கினேன். சீனாக்காரர்களோடு வியாபாரம் பண்ணுவதற்கென்றே ஆயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்றிலிருந்து தனியாக அடித்த காசு இது, சாதாரண டாலரை விட எடை கூட, கிழக்குக் கடல் பூராவும் சுற்றியது என்று. வாயைப் பிளந்துகொண்டு கேட்டான். “உனக்கு எல்லாம் தெரியுதுடா சபா.” ஆமாம், எல்லாம் தெரியும். தெரியாதவன் தப்பு செய்தால் அது தப்பு. தெரிந்தவன் செய்தால் அதற்கு வேறு பெயர். அந்தப் பெயரை நான் இன்னும் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை, தனியாக இருக்கும்போதுகூட. காலையில் போனில் அவள் சொன்னது காதிலேயே நிற்கிறது. “மிச்சம் ஏழு கெடக்குதுண்ணே. கொழுந்தனுங்க வூட்ட வித்தே ஆவணும்னு நிக்கறாங்க. பொண்ணு வூட்டுக்கு வந்துடுங்கன்னு மருமவன் கூப்புடறாரு. நல்ல புள்ளதான், இல்லன்னு சொல்லல. ஆனா அங்க போனா காலைல அஞ்சு மணிலேந்து நான் வேலக்காரிதான். இதுல ஏதாச்சும் நல்லதா வந்துதுன்னா ஒரு ரூம்பு போக்கியத்துக்கு எடுத்துக்கிட்டு நம்ம தெருவுலயே இருந்துடுவேன். நீங்கதான் பாத்து சொல்லணும்.” நான் பார்த்துச் சொல்ல வேண்டும். சரிம்மா, வாம்மா என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. என் குரல் எப்போதுமே நன்றாகத்தான் வரும்.

எட்டு மணியிலிருந்து ஒரு திட்டம் போட்டு வைத்திருக்கிறேன். டப்பாவைத் திறப்பாள். ஏழையும் ஒவ்வொன்றாக எடுத்து விளக்குக்குக் கீழே வைத்துப் பார்ப்பேன், தராசில் வைப்பேன், திருப்புவேன், மறுபடி வைப்பேன். ஏழில் மட்டமானது எது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அது என் பைக்குப் போகும், பையில் இருப்பது அங்கே போகும். ஏழு வந்தது, ஏழு போகும். எண்ணிக்கை சரியாக இருந்தால் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை. பிறகு நான் ஆச்சரியப்பட வேண்டும். அதை மட்டும் கொஞ்சம் பழக வேண்டும். ‘அடடே, பூங்காவனம், இது ஒண்ணு போதும்மா, மத்ததெல்லாம் தூக்கிப் போட்டாலும் இது ஒண்ணு போதும்.’ அவள் அழுவாள். கும்பிடுவாள். உங்கள மாதிரி ஒரு மனுஷன் உண்டா அண்ணே என்பாள். இந்த இடம் வந்ததும் திட்டம் நின்றுவிடுகிறது, காலையிலிருந்து நாலு தடவை இங்கேயேதான் நிற்கிறது. திருடியதைத் திருப்பிக் கொடுக்கும்போதும் எனக்கு ஒரு கும்பிடு வேண்டியிருக்கிறது. சும்மா கொடுத்தால் என்ன? அம்மா, உன் புருஷனை நான் ஏமாற்றினேன், இந்தா என்று கொடுத்தால் என்ன? ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அந்த வாக்கியத்துக்குப் பிறகும் நான் இந்தத் தெருவில் கடை திறக்க வேண்டும், என் பெண்டாட்டி சுகுணா அவள் கூட மாசிமகத்துக்குக் கடற்கரைக்குப் போக வேண்டும். வேண்டாம். மாற்றி வைப்பதே நல்லது. அவளுக்கு வேண்டியது என் மன்னிப்பா, போக்கியத்துக்கு ஒரு ரூமா? ரூம்தான். அப்புறம் அந்த மட்டமான ஒன்று என் பையில் தங்கிவிடுமே, அதற்கென்ன பதில். அன்றைக்கு ஆயிரத்து ஐந்நூறு கொடுத்திருக்கிறேனே, அதற்குச் சரியாகப் போயிற்று. பார். இப்போதும் மனசு தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

கடையில் யாரும் இல்லை. ஒரு தடவை பார்த்துவிடலாம், இனி பார்க்க முடியாது. விளிம்பை மட்டும் பிடித்து, முகத்தில் விரல் படாமல். மூட்டைகளின் மேல் ஒரு பெண் உட்கார்ந்து கடல் பக்கம் கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள், கையில் ஒரு கிளை, யாரும் வாங்கிக்கொள்ளாத கிளை. காலடியில் 1878. அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு சீன எழுத்து, ஏதோ ஒரு வியாபாரி வெள்ளி நல்ல வெள்ளிதானா என்று பார்த்துவிட்டு நல்லதுதான் என்று அடித்த குத்து. மறுபக்கம் கழுகு. கழுகுக்குக் கீழே இரண்டு பொடி எழுத்து, சி, சி. வெறுங்கண்ணுக்கு அழுக்குப் போலத் தெரியும். கார்சன் சிட்டி என்று ஒரு பாலைவன ஊர். அந்த வருடம் அங்கே அடித்ததே கொஞ்சம், அதிலும் கணிசமானதைத் திரும்ப உருக்கிவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டு எழுத்து இல்லாவிட்டால் பத்தில் ஒரு பங்கு விலை கூடக் கிடையாது. ஆனால் எழுத்து மட்டும் போதாது. தோல் வேண்டும். நூற்றைம்பது வருடம் காற்றும் துணியும் மனிதக் கையும் சேர்ந்து வெள்ளியின் மேல் படிய வைத்த கருமை இருக்கிறதே, அதைத்தான் காசின் தோல் என்போம். இதன் தோல் நடுவில் மழை மேகச் சாம்பல், விளிம்புக்குப் போகப்போக நீலம், விளிம்பில் கத்தரிக்காயின் கருநீலம். இதைத் தேய்த்து எடுத்துவிட்டால் திரும்ப வராது, உரித்த தோல் உரித்ததுதான். நான் போகும் நாணயம் சேகரிப்போர் சங்கக் கூட்டத்தில் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் பாடமாக நான் சொல்வது அதுதான், துடைக்காதீர்கள், எதைச் செய்தாலும் துடைக்காதீர்கள். நெய்வேலியிலிருந்து ஒருத்தர் அருமையான டாலர் ஒன்றைப் பெண்டாட்டி கையால் தேய்க்கக் கொடுத்துவிட்டு எடுத்து வந்தார். வெள்ளிக் குங்குமச் சிமிழைத் தேய்ப்பது மாதிரி அந்த அம்மாள் விபூதி போட்டுத் தேய்த்திருந்தாள், கறுத்த வெள்ளி வீட்டுக்கு ஆகாதாம். கூட்டத்தில் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அவர் அதைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போன விதம் ஞாபகம் இருக்கிறது, செத்த குருவியைச் சுற்றுவது மாதிரி.

அன்றைக்கு ஒரு சனிக்கிழமை. சனிக்கிழமைதான், மாசிலாமணிக்கு அரை நாள் லீவு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்தான், எப்போதும் போல நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் கையை ஊன்றி உட்கார்ந்தான். “டேய் சபா, எங்க சைகோன் தாத்தா சொத்துல ஒண்ணு எடுத்தாந்தேன், இது பொன்னா பித்தளையான்னு சொல்லு.” “வெள்ளிடா மடையா.” “அது எனக்கே தெரியும், நீ இன்னா புதுசா சொல்ற.” சிரித்தான். நான் வாங்கி லென்ஸை வைத்தேன். எவ்வளவு நேரம் பார்த்தேன்? அரை நிமிடம் இருக்குமா? சி, சி என்று கண்ணுக்குத் தெரிந்த அந்த நொடியில் என் முகம் மாறியிருக்க வேண்டும், ஆனால் லென்ஸ் கண்ணில் இருக்கும்போது முகம் மாறினால் தெரியாது, அது கண்ணாடிக்காரனுக்குக் கடவுள் கொடுத்த மறைப்பு. எடுத்தபோது சரியாகிவிட்டது. “கறுத்துப்போச்சு பாரு. நல்லா இருந்தா விலை வேற. இதுல குத்து வேற விழுந்திருக்கு. எடைக்கு மேல கொஞ்சம் கெடைக்கும், அவ்வளவுதான்.” காசு வாங்குகிறவன் முதலில் குறை சொல்வது வழக்கம். அது பொய்யில் சேராது. மாட்டுச் சந்தையில் சொல்வதில்லையா, பெண் பார்க்கப் போன இடத்தில் சொல்வதில்லையா. ஆனால் அவன் சந்தைக்கு வரவில்லை. நண்பனிடம் கேட்க வந்தான். “அப்பிடியா, சரி நீயே வெச்சிக்கோ, மத்தத வூட்லயே வெச்சிடறேன், எடைக்குப் போடறதுக்கு எதுக்கு விக்கணும்” என்றான். சும்மா கொடுத்தான். சும்மா. நான்தான் வற்புறுத்தி ஆயிரத்து ஐந்நூறைச் சட்டைப்பையில் திணித்தேன், எடை விலைக்கு மேலே முந்நூறு நானூறு கூட. அவனுக்காகக் கொடுத்தேனா? ரசீது மாதிரி எனக்காகக் கொடுத்துக்கொண்டேன். அந்தப் பணத்தில் அன்றைக்கு இரவு அவன் எனக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். நான் மூன்று தின்றேன்.

“இன்னாண்ணே, கட தொறந்திருக்கா, இல்ல தூங்குதா?” கையை மூடிக்கொண்டேன். மார்க்கெட்டில் சங்கரா மீன் விற்கும் அஞ்சலை, கூடையை வாசலிலேயே இறக்கிவிட்டு மூக்குக்கண்ணாடியை நீட்டுகிறாள். ஒரு காது கழன்று நூலில் கட்டியிருக்கிறது. “இத்த கொஞ்சம் பாரு. மூக்குலயே நிக்கமாட்டேங்குது.” திருகாணி போயிருக்கிறது. இடது கைக்குள் டாலர் இருப்பதால் ஒரே கையால் டப்பாவைத் துழாவுகிறேன். “அந்தக் கைல இன்னா, மிட்டாயா? எனக்கும் ஒண்ணு குடு.” “ஒண்ணுமில்ல.” “ஒண்ணுமில்லாததயா இந்தப் பிடி பிடிச்சிட்டிருக்கற.” பையில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முடுக்குகிறேன். “நல்லா முறுக்கு. சில்ற எண்ணறப்போ கண்ணாடி கூடைல வுழுந்துடுது. மீனு வாங்க வந்தவ கண்ணாடியையும் சேத்து எட போடுன்றா.” சிரிப்பு வரவில்லை எனக்கு. அஞ்சலை குனிந்து என் முகத்தைப் பார்க்கிறாள், மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் பார்ப்பது மாதிரியே. “உன் மூஞ்சி இன்னா இன்னிக்கி மூணு நாளு ஐசுல கெடந்த வவ்வால் மீனாட்டம் கெடக்கு? வூட்ல சண்டையா?” இல்லை என்கிறேன். காசு வேண்டாம் என்கிறேன். “வேணாவா? அப்ப நிஜமாவே உனக்கு ஒடம்புக்கு முடியல” என்று சொல்லிக் கூடையைத் தலைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். மீன் வாசனை மட்டும் நிற்கிறது. பத்து பத்து.

மாசிலாமணிக்குத் தெரிந்திருந்ததா? சுற்றிச்சுற்றி மனசு வந்து நிற்கும் இடம் இதுதான், மற்றதெல்லாம் இதற்கு வழி. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது வயிறு வீங்கி, கை கால் குச்சியாகி, படுக்கையில் சாய்ந்திருந்தான். பூங்காவனம் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெந்நீருக்குப் போயிருந்தாள். திடீரென்று கேட்டான், “அந்த டாலர் இன்னும் வெச்சிருக்கியாடா?” “அதை எப்பவோ தள்ளிட்டேனே.” எவ்வளவு வேகமாகச் சொன்னேன். கேள்வி முடிவதற்கு முன்னாலேயே பதில் தயாராக இருந்த மாதிரி. அவன் என்னைப் பார்த்தான். மஞ்சள் கண்ணால் நிதானமாகப் பார்த்தான். “நல்லதாப் போச்சு” என்றான். “உனக்கும் எடத்த அடச்சிக்கிட்டு.” அவ்வளவுதான், பக்கத்துக் கட்டில்காரன் இருமினான், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. நல்லதாப் போச்சு என்றால் என்ன? தெரிந்த ஒருவன் மன்னிப்பது அது. தெரிந்த ஒருவன் கேலி பண்ணுவதும் அதுவேதான். ஒன்றும் தெரியாத ஒருவன் பேச்சுக்குச் சொல்வதும் அதுவேதான். ஐம்பத்திரண்டு நாளாக மூன்றையும் மாற்றி மாற்றி அவன் வாயில் வைத்துப் பார்க்கிறேன், மூன்றும் பொருந்துகிறது. உண்மையைச் சொன்னால் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. தெரிந்து, திட்டாமல், அவனும் ஒரு கணக்கு வைத்துக்கொண்டு செத்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தட்டு. தெரியாமல் செத்திருந்தால் அவன் அங்கேயும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவான்.

எனக்கும்தான் அன்றைக்குத் தெரியாது. இப்படியும் ஒன்று சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன், இது ரொம்ப நாள் நன்றாக வேலை செய்தது. அந்தக் காலத்தில் சீனக் குத்து விழுந்த டாலரைக் காயம் பட்டது என்றுதான் ஒதுக்குவார்கள், எந்த ஊரில் அடித்திருந்தாலும் குத்து என்றால் எடைக்குத்தான்; பிற்பாடுதான் குத்துக்கென்றே தேடி அலைய ஆரம்பித்தார்கள்; வெளிநாட்டு ஏலப் பட்டியல் ஒன்றில் இதே வருடம், இதே ஊர், இதே மாதிரி குத்தோடு ஒரு டாலர் இரண்டு லட்சத்துக்கு மேல் போனதைப் பார்த்தபோதுதான் எனக்கே தெரியும்; அந்தப் பட்டியல் தபாலில் வந்தது அவன் காசு கொடுத்ததற்கு அடுத்த வாரம். அடுத்த வாரம். செவ்வாய்க்கிழமை. மழை. தபால்காரர் ரெயின்கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். இவ்வளவும் துல்லியமாக ஞாபகம் இருக்கிறது, செவ்வாய், மழை, ரெயின்கோட்டு. எந்தச் செவ்வாய் என்பதுதான் நழுவுகிறது. சனிக்கிழமைக்குப் பின்னால் வந்த செவ்வாய் என்று வைத்துக்கொண்டேன், வைத்த இடத்தில் அது இருந்தது, நாலு வருடம் ஐந்து வருடம் அப்படியே இருந்தது. பட்டியலை மட்டும் திறப்பதில்லை. அலமாரியில் மேல்தட்டில், பழைய லென்ஸ் டப்பாக்களுக்குப் பின்னால். இப்போது எதற்கு எழுந்தேன்? ஸ்டூலைப் போட்டு ஏறுகிறேன். தூசி. இதோ. நாற்பத்தோராம் பக்கம் தானாகவே திறந்துகொள்கிறது. படத்தில் அதே பெண், அதே மூட்டை, அதே நீட்டிய கை. அவள் முகத்தைச் சுற்றி வட்டமாக ஒரு டீக்கறை. கண்ணாடி டம்ளரின் அடிவட்டம். நான் டீ குடிப்பதில்லை, அப்போதும் குடிப்பதில்லை, வயிற்றுக்கு ஆகாது. இந்தக் கடையில் உட்கார்ந்து டீ குடித்தது ஒருவன்தான். அந்தச் சனிக்கிழமை பட்டியல் மேஜையில் திறந்து கிடந்தது. அவன் டீ வந்தது. டம்ளரை வாங்கி இந்தப் படத்தின் மேல் வைத்தது நான். அவன் பார்த்துவிடக் கூடாது என்று வைத்தேன். கை அவ்வளவு சீக்கிரம் முடிவு பண்ணிவிட்டது, மனசுக்கு ஒன்பது வருடம் தேவைப்பட்டது. மூடினேன். மூடிப் பழைய இடத்திலேயே வைத்தேன். சரி. அதனால்தானே இப்போது திருப்பிக் கொடுக்கிறேன். அதனால்தானே பையில் இருக்கிறது.

பத்து இருபத்தைந்து. வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம். எத்தனை தடவை சொன்னாலும் கடைக்குள் செருப்போடு வரமாட்டாள், கடவுள் படம் இருக்கிறதாம். இளைத்துவிட்டாள். நெற்றியில் விபூதி மட்டும். கூடை பின்னிய ஒயர் பையை மடியில் வைத்துக்கொண்டு மாசிலாமணியின் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள், அதை நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு. “அண்ணி நல்லாருக்காங்களா?” “இருக்கா.” “நீங்க ஏண்ணே வேத்துக் கொட்டறீங்க, பேன போட்டுக்கிட்டா என்ன?” எழுந்து அவளே ஃபேனைப் போட்டாள். நான் விளக்கைப் போட்டுத் தராசை இழுத்து வைத்துக்கொண்டேன். வலது கை ஒருதரம் சட்டைப்பைக்குப் போய் வந்தது, ஒத்திகை மாதிரி. அவள் ஒயர் பையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்தாள், மூடி இறுகியிருந்தது, நகத்தைக் கொடுத்து நெம்பினாள். உள்ளே வெள்ளைத் துணி. துணியை விரித்தாள். விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி என் கண்ணில் அடித்தது. ஒரு நிமிடம் அது என்னவென்றே எனக்குப் புரியவில்லை. ஏழு கண்ணாடி வில்லைகளைக் கொண்டுவந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

“எப்பிடியிருக்கு? புதுசாட்டம் இல்ல?” முகம் மலர்ந்திருந்தது அவளுக்கு, ஐம்பத்திரண்டு நாளுக்கு அப்புறம் ஒருவேளை முதல் தடவையாக. “மூணு நாளு தேச்சேண்ணே. மொத புளி போட்டேன், போவல. அப்புறம் பல்பொடியும் பழைய பிரஷ்ஷும். கடசியா விபூதி போட்டேன் பாருங்க, அதுலதான் பளிச்சினு வந்துச்சி.” நான் ஒன்றை எடுத்தேன். 1876. கூட்டிப் பெருக்கிய தரை மாதிரி முழுக்கக் கீறல், குறுக்கும் நெடுக்குமாக மயிரிழைக் கீறல். பெண்ணின் முகம் வழுவழு என்றிருந்தது. அடுத்தது 1877. அதுவும். எழுத்துகளின் இடுக்கில் விபூதி வெள்ளை வெள்ளையாகக் கெட்டிப்பட்டிருந்தது. “ஏம்மா தேச்ச?” என்றேன். குரல் நன்றாக வரவில்லை. “நீங்க சொன்னதுதானேண்ணே. அன்னிக்கு ஒண்ணு கொண்டாந்தப்போ கறுத்துப்போச்சு, அதான் வெல இல்லன்னு சொன்னீங்களாமே. அவுரு மறக்கவேயில்ல. ஆஸ்பத்திரில கூட சொன்னாரு, மீதிய என்னிக்காச்சும் எடுத்துட்டுப் போனா நல்லா தேச்சி எடுத்துட்டுப் போ பூங்கா, கறுத்திருந்தா பாவம் சபாவால கூட ஒண்ணும் செய்ய முடியாதுன்னு.” சொல்லிவிட்டுக் கையை விளக்குக்குக் கீழே விரித்துக் காட்டினாள், வேலை செய்த கையைக் காட்டுகிற பெருமையோடு. “பாருங்க, மூணு நாளா சோறு பெசையவே அருவருப்பா இருக்கு, எத்தினி சோப்பு போட்டாலும் போவல.” விரல் நுனிகள் கறுத்திருந்தன. நகக்கண்கள் எல்லாம் கறுப்பு. எழுபத்தாறும் எழுபத்தேழும், சைகோனும் கப்பலும் வேட்டி முடிச்சும், ஏழு தோலும் அந்த நகக்கண்களில் இருந்தன. அவனுக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாது. என்னை நம்பிக்கொண்டே செத்திருக்கிறான், நம்பி அவளுக்கும் சொல்லிவிட்டுச் செத்திருக்கிறான்.

மாற்ற முடியாது. இது மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது. இந்த ஏழு வெளுப்பில் ஒரு கறுப்பை வைத்தால் அது வாயைத் திறந்து பேசிவிடும், அண்ணே இது நம்முது இல்லையே என்பாள், பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். இதை அவளுக்குத் தெரியாமல் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் இதையும் தேய்க்க வேண்டும், தேய்த்தால் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. தேய்க்காமல் கொடுக்க வேண்டுமானால் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். சொல். இப்போது சொல். அவள் கழுத்தை நீட்டிக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள். வாய் திறந்தது. “எடைக்கு மேல கொஞ்சம் கெடைக்கும்மா. அவ்வளவுதான்.” அன்றைக்குச் சொன்ன அதே சொற்கள், அதே வரிசையில். அன்றைக்குப் பொய்யாக இருந்தது, இன்றைக்கு ஒரு எழுத்துத் தப்பில்லாத உண்மை. நான் சொன்னதை அவளே மூன்று நாள் உட்கார்ந்து உண்மையாக்கிக் கொண்டுவந்திருக்கிறாள்.

“அவ்ளோதானா” என்றாள். “சரி விடுங்க. வேற எடத்துக்குப் போயிருந்தா ஏதாச்சும் ஆச காட்டி ஏமாத்தியிருப்பானுங்க. உங்க வாயால நெசம் தெரிஞ்சிச்சே, அது போதும். அப்ப மருமவன்கிட்ட வரேன்னு சொல்லிடறேன்.” ஒவ்வொன்றாகத் துணியில் வைத்து மடித்தாள். கடைசி ஒன்றை மட்டும் மடிக்காமல் என் பக்கம் தள்ளினாள். “இது உங்களுக்கு. வேணான்னு சொல்லக்கூடாது. அவுரு ஞாபகமா வெச்சிக்கங்க, அன்னிக்கு எடுத்ததத்தான் தள்ளிட்டீங்களாமே.” வேண்டாம் என்றேன். அண்ணே என்றாள், ஒரே ஒரு தடவை. வாங்கிப் பையில் போட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள், தெருவில் வெயிலில் ஒயர் பை ஆடிக்கொண்டே போவது தெரிந்தது.

அவள் திருப்பத்தில் மறைந்த பிறகுதான் ஒன்று தோன்றியது. கறுப்பை நான் விற்கலாம்; விற்று, நீ இன்றைக்குக் கொடுத்த காசுதான் இவ்வளவுக்குப் போயிற்று, நான் சொன்ன மதிப்பு தப்பு என்று அவளிடம் கொடுக்கலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. சபாபதி கணக்குத் தப்பிவிட்டான் என்று மட்டும் ஆகும். செய்யலாம். ஓடிப்போய்ச் சொன்னால் இப்போதே சொல்லலாம், மருமகனுக்கு இன்னும் போன் பண்ணியிருக்கமாட்டாள். நாளைக்குச் சொல்லலாம். சங்கத்துக்காரர்கள் கேட்டால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும், அதை யோசித்து வைத்துக்கொண்டு அடுத்த வாரம். எனக்கு என்னைத் தெரியும். மேஜைக் கண்ணாடியில், அவள் கையை ஊன்றி எழுந்த இடத்தில், நாலு விரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. துணியை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். உள்ளே இரண்டும் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன. துடைத்தேன்.